காலை பத்து மணிக்கு எப்படிப் பௌர்ணமி பிறக்கிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மாதாமாதம் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிறவர். தினசரி காலண்டரில் 'பௌர்ணமி காலை மணி 10.12 முதல் மறுநாள் காலை மணி 9.40 வரை' என்கிற மாதிரி போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் அவருக்கு வந்த சந்தேகம் இது: "காலை பத்து மணிக்கு நிலாவே வானத்தில் இல்லை. அப்போது எது முழுசாகிறது? மறுநாள் காலை எது குறைய ஆரம்பிக்கிறது? பிறை நாள் கணக்கில்தானே வளர்கிறது, நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது?"

மிக நல்ல கேள்வி. பிறை வளர்ந்து தேய்வதன் சூட்சுமம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. காலண்டரில் அச்சாகும் அந்த நிமிடம் ஒரு கோணத்தைச் சொல்கிறது. பூமியில் நிற்கும் நமக்குச் சூரியன் ஒரு திசையிலும் நிலவு ஒரு திசையிலும் தெரிகின்றன அல்லவா, அந்த இரண்டு திசைகளுக்கும் இடையிலுள்ள கோணம். அது தெரிந்தால் நிலவின் வடிவமும் தெரியும், அது உதிக்கும் நேரமும் தெரியும், திதியும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். நிலவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரிய ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. பூமியை மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. எப்போதும் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுகிறது. இவற்றோடு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கிரகண நேரம் நீங்கலாக, நிலவில் பாதி எப்போதும் வெயிலில் இருக்கிறது. அமாவாசையன்றும் பாதி, பௌர்ணமியன்றும் பாதி. அந்த வெயில் பாதியில் எவ்வளவு பங்கு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் நாளுக்கு நாள் மாறுகிறது.

பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை தேய்கிறது என்று பட்டப்படிப்பு முடித்தவர்கள்கூடச் சொல்வதுண்டு. வளர்பிறை அஷ்டமியன்று மாலை நாலரை மணிக்கு வேலூர்க் கோட்டை அகழியோரம் நின்று பாருங்கள். மேற்கே சூரியன் இருக்கும். தலைக்கு மேலே, உச்சியிலிருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளி, அரை நிலா இருக்கும். நிழல் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில்தான் விழும் என்பதால், அந்த நேரத்தில் பூமியின் நிழல் கிழக்கு அடிவானத்துக்கும் கீழே கிடக்கிறது. நிலவுக்கும் அதற்கும் இடையே 90 டிகிரி தூரம். ஆனாலும் நிலவு பாதிதான் தெரிகிறது.

பூமியின் நிழல் நிலவின் மேல் விழுவதும் உண்டு, அதற்குச் சந்திர கிரகணம் என்று பெயர். நிலவின் தொலைவில் அந்த நிழல் சுமார் 9,000 கிலோமீட்டர் அகலம் இருக்கும். நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர்தான். 2025 செப்டம்பர் 7 இரவு 11 மணியிலிருந்து 12.22 வரை நிலவு அதற்குள் முழுதாக மூழ்கிச் செம்பு நிறத்தில் தெரிந்ததை நம் ஊர்க்காரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். கிரகணத்தில் இருட்டின் விளிம்பு பெரிய வட்டம் ஒன்றின் வில்லாக, நிலவின் வட்டத்தை எந்த இடத்திலும் வெட்டிக்கொண்டு போகும். பிறையில் அப்படி நடக்காது. பிறையின் இரண்டு கொம்புகளும் எப்போதும் ஒரு விட்டத்தின் இரண்டு முனைகளில்தான் நிற்கும். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு சோதனை. தேய்பிறை அஷ்டமியன்று காலை எட்டு மணி, பள்ளியில் பிரேயர் முடிகிற நேரம். சூரியன் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும், அரை நிலா மேற்கு வானில் வெளுத்துத் தெரியும். களிமண்ணில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு உருண்டை பிடித்துக் காயவைத்து, மேலே விபூதி பூசி, ஒரு குச்சியில் செருகிக்கொள்ளுங்கள். வெயிலில் நின்று, கையை முழுதாக நீட்டி, உருண்டையை வானத்து நிலவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். வானத்தில் இருக்கும் அதே அரை நிலா, அதே சாய்வோடு, உங்கள் கையில் இருக்கும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, நிலவு சராசரியாக நாலு லட்சத்துக்கும் குறைவு. ஆகவே நிலவுக்கும் உருண்டைக்கும் வெயில் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்து வருகிறது, நாமும் இரண்டையும் ஒரே திசையில் பார்க்கிறோம். வடிவம் ஒத்துப்போகாமல் வேறு வழியில்லை.

இந்தச் சோதனை சொதப்பும் இடங்கள் எனக்குத் தெரிந்து நான்கு. டேபிள் டென்னிஸ் பந்தை எடுத்தால் ஒளி அதை ஊடுருவி, இருட்டுப் பக்கமும் மினுங்கும். பளபளப்பான பிளாஸ்டிக் பந்தில் ஒரு வெளிச்சப் பொட்டு மட்டும் தெரிந்து கண்ணைக் குழப்பும். வெள்ளையடித்த சுவருக்குப் பக்கத்தில் நின்றாலோ, பிள்ளையின் வெள்ளைச் சட்டை உருண்டைக்கு அருகில் இருந்தாலோ, அந்த வெளிச்சம் திரும்பி இருட்டுப் பாதியை நிரப்பிவிடும். நாலாவது, உருண்டையை நிலவின் திசையில் பிடிக்காமல் வசதியான திசையில் பிடிப்பது. அப்படிப் பிடித்தால் வேறு பிறை தெரியும். தெரிந்தால் தவறில்லை, கையைச் சூரியன் பக்கமாகக் கொண்டுபோகப் போகப் பிறை மெலிவதையும், எதிர்ப்பக்கம் போகப் போகப் பருப்பதையும் ஒரே நிமிடத்தில் பார்க்கலாம். பதினைந்து நாள் வேலை அது.

இப்போது கொம்புகளுக்கு வருவோம். அந்த உருண்டையின் மேல் வெயிலும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். இன்னொன்றை, நம் கண்ணுக்குத் தெரியும் பாதியையும் தெரியாத பாதியையும் பிரிக்கும் விளிம்பில் மாட்டுங்கள். இரண்டுமே உருண்டையைச் சரிபாதியாகப் பிரிப்பவை. ஒரு உருண்டையைச் சரிபாதியாக்கும் இரண்டு வளையங்களை எப்படித் திருப்பி மாட்டினாலும் அவை இரண்டே இடத்தில் வெட்டிக்கொள்ளும், அந்த இரண்டும் நேர் எதிரெதிராக இருக்கும். அவைதான் பிறையின் கொம்புகள். பிறையின் வெளி வளைவு நாம் பார்க்கும் விளிம்பு வளையம், நேராகத் தெரிவதால் அரைவட்டம். உள் வளைவு வெயிலின் எல்லை வளையம், சாய்ந்து தெரிவதால் நீள்வட்டத்தின் பாதி. ஒரு வளையலைக் கையில் எடுத்து மெல்லத் திருப்பினால் வட்டம் நீள்வட்டமாகி, கடைசியில் ஒரு கோடாகிவிடும் அல்லவா, அதேதான். கோடாகும் நாள் அஷ்டமி.

பிள்ளைகளுக்கு அறிவியல் நோட்டில் பிறை வரையச் சொல்லிக்கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று தள்ளிவைத்து வரைந்தால் கொம்புகள் தவறான இடத்தில் போய் முடியும். 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், மேலிருந்து கீழாக ஒரு விட்டம். கோணம் 60 டிகிரி உள்ள பிறை என்றால், மையத்திலிருந்து சூரியன் பக்கமாக 2.5 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. விட்டத்தின் இரு முனைகளையும் அந்தப் புள்ளியையும் சேர்த்து வளைவாக இழுத்தால் அதுதான் பஞ்சமி முடியும் நேரத்து நிலா. வட்டத்தின் பரப்பில் சரியாகக் கால் பங்கு.

திதி என்பது என்ன என்று இப்போது சொல்லிவிடலாம். நிலவு உருண்டையை ஒரு சாத்துக்குடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 30 சுளைகள், ஒவ்வொன்றும் 12 டிகிரி. நம் பக்கம் 15 சுளைகள், மறுபக்கம் 15. சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலுள்ள கோணம் 12 டிகிரி கூடும்போதெல்லாம் நம் பக்கத்தில் ஒரு சுளைக்குப் புதிதாக வெயில் வருகிறது. ஒரு சுளைக்கு வெயில் வர எடுக்கும் நேரமே ஒரு திதி. கோணம் 0-விலிருந்து 12 வரை பிரதமை, 12-லிருந்து 24 வரை துவிதியை, இப்படியே போய் 168-லிருந்து 180 வரை பௌர்ணமி. அதன்பிறகு மறுபடி பிரதமை, இந்த முறை சுளைகள் ஒவ்வொன்றாக அணையும்.

சுளைகள் எல்லாம் ஒரே அளவு. ஆனால் நமக்கு ஒரே அளவாகத் தெரியாது. ஓரத்துச் சுளையை நாம் பக்கவாட்டில் பார்க்கிறோம், நடுச் சுளையை நேருக்கு நேர் பார்க்கிறோம். முதல் சுளை வெளிச்சமானால் நிலவு வட்டத்தில் 1.1 சதவீதம்தான் கூடும். அஷ்டமியின் சுளையோ தனியாளாக 10.5 சதவீதத்தைக் கொண்டுவரும். நாலாவது சுளை முடியும்போது 16.5 சதவீதம், எட்டாவது முடியும்போது 55, பன்னிரண்டாவது முடியும்போது 90. கடைசிச் சுளை மறுபடி ஓரத்தில் இருப்பதால் 1.1 சதவீதம்தான். ஊஞ்சல் இரு கோடிகளிலும் தயங்கி நடுவில் விரைவது போலத்தான் பிறையும். அதனால்தான் சப்தமிக்கும் நவமிக்கும் வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரிகிறது, சதுர்த்தசிக்கும் பௌர்ணமிக்கும் வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை.

குடியாத்தத்து வாசகருக்கான பதில் இதுதான். காலை 10.12-க்கு நிலவின் கோணம் 168 டிகிரியைத் தொட்டது. அப்போது 98.9 சதவீதம் வெளிச்சம். பதினைந்தாவது சுளைக்கு வெயில் வரத் தொடங்கிய நேரமே பௌர்ணமித் திதியின் தொடக்கம். மறுநாள் காலை 9.40-க்குக் கோணம் 180 ஆனபோது அந்தச் சுளை நிறைந்தது. பௌர்ணமி 'முடிகிறது' என்று காலண்டர் சொல்லும் நிமிடம்தான் நிலவு உண்மையில் முழுமை அடையும் நிமிடம். வானியல் மையங்கள் வெளியிடும் முழுநிலவு நேரத்தை, இன்றைய வானியல் கணக்கில் தயாராகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் பௌர்ணமி முடியும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்கும். அந்த நிமிடத்தில் நிலவு நம் காலுக்குக் கீழே, அமெரிக்கக் கண்டத்து வானத்தில் இருக்கிறது என்பது நம் ஊரின் இருப்பிடம் சார்ந்த விஷயம். நிலவு யாருக்காகவும் இரவு வரும்வரை காத்திருப்பதில்லை.

கோணத்தை அளக்கக் கருவி வேண்டாம், கை போதும். கையை முழுதாக நீட்டி மூடிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. உங்கள் முஷ்டியைச் சரிபார்க்க, அடிவானத்திலிருந்து உச்சி வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒன்பது வந்தால் 10 டிகிரி, எட்டு வந்தால் உங்கள் முஷ்டி பதினொன்றே கால் டிகிரி. வளர்பிறைக் காலத்தில் சூரியன் அடிவானத்தைத் தொட்டு மறைந்த உடனே, அந்த இடத்திலிருந்து நிலவு வரை முஷ்டிகளை எண்ணுங்கள். சூரியன் மேலே இருக்கும்போது அதை நேராகப் பார்த்து எண்ணக் கூடாது, கண் கெடும். நாலரை முஷ்டி வந்தால் 45 டிகிரி. பன்னிரண்டால் வகுத்தால் மூன்றே முக்கால். மூன்று திதிகள் முடிந்து நாலாவது, அதாவது சதுர்த்தி, முக்கால்வாசி ஓடிவிட்டது. வீட்டுக்குப் போய்க் காலண்டரைப் பாருங்கள். ஒரு திதி முன்பின் இருந்தாலும் முதல் முயற்சிக்கு அது நல்ல அளவு.

இன்னொரு அழகும் இதில் உண்டு. வானம் ஒரு நாளில் 360 டிகிரி சுழல்கிறது, பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஆகவே 12 டிகிரிக்குச் சரியாக 2 நாழிகை, 48 நிமிடம். சூரியன் மறைந்தபின் வளர்பிறைத் திதி ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 2 நாழிகை நிலவு கூடுதலாக இருக்கும். பஞ்சமி முடியும் வேளையில் 10 நாழிகை, அதாவது இரவு பத்து மணி வரை. அஷ்டமியில் நள்ளிரவு வரை. பௌர்ணமியில் விடிய விடிய. மின்விளக்கு இல்லாத காலத்தில் இரவில் ஏற்றம் இறைத்தவர்களுக்கும் வண்டி கட்டிப் போனவர்களுக்கும் எத்தனை நாழிகை வெளிச்சம் கிடைக்கும் என்று சொல்லும் அட்டவணையாகவும் திதி இருந்திருக்கிறது. பருவத்துக்கும் நிலவுப் பாதையின் சாய்வுக்கும் ஏற்ப இதில் அரைமணி நேரம் வரை முன்பின் வரும்.

30 சுளைக்கும் சேர்ந்து ஆகும் காலம் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். நிலவு ஒரு முழுச் சுற்றை 27.3 நாளில் முடித்துவிடுகிறது, ஆனால் அதற்குள் சூரியனின் திசை 27 டிகிரி தள்ளிப்போய்விடுவதால் அதை எட்டிப்பிடிக்க மேலும் இரண்டு நாள் தேவைப்படுகிறது. பன்னிரண்டு மணிக்குச் சேர்ந்த கடிகார முட்கள் மறுபடி சேர ஒரு மணி அல்ல, ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆவது போல. அப்படிப் பார்த்தால் ஒரு திதிக்குச் சராசரி 23 மணி 37 நிமிடம். ஆனால் காலண்டரைப் புரட்டினால் 20 மணி நேரத் திதியும் இருக்கும், 26 மணி நேரத்தைத் தாண்டிய திதியும் இருக்கும். நிலவின் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகில் வரும்போது நாளுக்கு 15 டிகிரி வரை ஓடும், தொலைவில் இருக்கும்போது 12 டிகிரிகூட நகராது. வேகமாக ஓடும் நாளில் சுளைக்குச் சீக்கிரம் வெயில் வரும். சூரிய உதயத்தின்போது எந்தத் திதி இருக்கிறதோ அதுவே அந்த நாளின் திதி என்பது விதி. அதனால் ஒரு திதி இரண்டு உதயங்களைத் தொடுவதும், ஒன்றையும் தொடாமல் போவதும் நடக்கிறது.

இந்த வேக மாற்றத்தை நம் பஞ்சாங்கக்காரர்கள் தொலைநோக்கி இல்லாமல் பிடித்திருந்தார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் நிறைகிறது. நிலவு அருகில் வந்து, தொலைவுக்குப் போய், மறுபடி அருகில் வர 27.55 நாள் ஆகும். ஒன்பது முறை வர 248 நாள், மீதம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆகவே 248 நாளுக்கு ஒரு நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளுக்குள்ளும் அன்றைய நிலவின் இடம் எண்ணாக ஒளிந்திருக்கும். இவற்றை மனப்பாடம் செய்தவருக்குப் புத்தகம் தேவையில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதிலிருந்து வந்தது. மதராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825-இல் வெளியிட்ட நூலில், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட அட்டவணைகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிந்திருக்கிறார். தொடக்கம், நடு, முடிவு எதிலுமே பிழை ஒரு மணி நேரத்தை எட்டவில்லை.

வாக்கியப் பஞ்சாங்கத்தின் நேரமும் திருக்கணிதத்தின் நேரமும் இன்று சில மணி நேரம் வேறுபடுவதற்கு, பழைய எண்கள் நிலவின் எல்லாத் தடுமாற்றங்களையும் சேர்த்துக்கொள்ளாததே காரணம். பழையதை மதிப்பது என்றால் அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்வது என்றுதான் நான் பொருள் கொள்கிறேன். திதி கணிதம், வானத்தில் யாரும் சரிபார்க்கலாம். அதற்குப் பக்கத்திலேயே அச்சாகும் ராசிபலனைச் சரிபார்க்க எந்த வழியும் கிடையாது. இரண்டையும் ஒரே தாளில் படித்துப் பழகிவிட்டதால் ஒன்றின் மரியாதை மற்றதற்கும் போய்விடுகிறது. அது நியாயமில்லை.

பிறையின் கொம்பை வைத்து மழை சொல்லும் நம்பிக்கை இன்னொன்று. வடக்குக் கொம்பு உயர்ந்திருந்தால் இப்படி, தெற்குக் கொம்பு உயர்ந்திருந்தால் அப்படி என்று கிராமங்களில் பெரியவர்கள் சொல்வார்கள். கவனித்தது உண்மை, காரணம் வேறு. பிறையின் வயிறு எப்போதும் மறைந்த சூரியனைப் பார்த்தே இருக்கும். வேலூர் 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் அந்தி வேளையில் நிலவின் பாதை மேற்கு அடிவானத்திலிருந்து கிட்டத்தட்டச் செங்குத்தாக எழுந்து, வடக்கே சுமார் 10 டிகிரி மட்டும் சாயும். அப்போது சூரியன் பிறைக்கு நேர் கீழே. பிறை தோணி போல மல்லாந்து கிடக்கும், தெற்குக் கொம்பு இம்மி உயர்ந்திருக்கும். செப்டம்பரில் அதே பாதை தெற்கே 36 டிகிரி சாய்ந்துவிடும். பிறை சரிந்து, வடக்குக் கொம்பு நன்றாக மேலே போகும். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வடக்குக் கொம்பு உயர்கிறது, அதை ஒட்டியே நம் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை வருகிறது. கொம்பு மாதத்தைச் சொல்கிறது, மழையும் மாதத்தை ஒட்டி வருகிறது. மழை பொய்த்த ஆண்டிலும் புரட்டாசியில் வடக்குக் கொம்பு உயர்ந்தேதான் இருக்கும். நிலவின் பாதைக்கென்று தனியாக உள்ள 5 டிகிரி சாய்வு மட்டும் இந்த அளவைச் சற்றுக் கூட்டிக் குறைக்கும்.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ரம்ஜான் பிறை பார்ப்பவர்களுக்கு இந்தச் சாய்வு நேரடியாக உதவும். அமாவாசை முடிந்து 20 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் வெறும் கண்ணுக்குப் பிறை அகப்பட நல்ல வாய்ப்பு உண்டு. கோணம் 7 டிகிரிக்கும் குறைவென்றால் வெயில் பட்ட கீற்று கொம்புகளை இழந்து துண்டுபட்டு, தெரியாமலே போய்விடும். மார்ச்சில் சூரியன் மறைந்த இடத்துக்கு நேர் மேலே தேட வேண்டும். செப்டம்பரில் அதே வயதுப் பிறை இடப்பக்கமாகச் சரிந்து தாழ்வாக இருக்கும், தேடுவது கடினம். வேலூரில் கிழக்கே குன்றுகள் மறைப்பதால் நிலவு உதிப்பதைப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு டிகிரி உயரத்துக்கும் 4 நிமிடம் தாமதம். காட்பாடிப் பாலாற்றுப் பாலத்தின் நடைபாதையில் நின்றால் ஆற்று மணல் கிழக்கும் மேற்குமாக நீள்வதால் இந்தத் தொல்லை குறைவு. பைனாகுலரைச் சூரியன் முழுதாக மறைந்த பின்பே எடுங்கள்.

'நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு' என்று சொல்லிப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வதும் நடக்கிறது. பெரிய இழப்பு அது. மூன்றாம், நாலாம் பிறைகளில்தான் நிலவின் இருட்டுப் பாதி சாம்பல் நிறத்தில் மெல்லத் தெரியும். நிலவிலிருந்து பார்த்தால் அப்போது பூமி ஏறக்குறைய முழுப் பூமி. நாம் பார்க்கும் நிலவைவிட 13 மடங்கு பரப்பு அதற்கு. நம் கடலும் மேகமும் அனுப்பும் அந்த வெளிச்சம் நிலவில் பட்டு நம்மிடமே திரும்பி வருகிறது. பைனாகுலரில் பார்த்தால் வெயில் எல்லைக் கோட்டின் ஓரத்தில் குழிகள் நிழலோடு நிற்கும். அந்தக் கோடு வளர்பிறையில் நிலவின் விடியல். நிலவின் நடுக்கோட்டில் அது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது, ஒரு நல்ல சைக்கிள் மிதி. சந்திரயான்-3 தரையிறங்க 2023 ஆகஸ்ட் 23 தேர்வானதற்கும் இதுவே காரணம்: இறங்கும் இடத்தில் அப்போதுதான் விடிந்திருந்தது, சூரியத் தகடுகளுக்கு ஏறக்குறைய 14 நாள் வெயில் உறுதி.

நிலவொளி எல்லோருக்கும் வேண்டியதல்ல. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் ஜவ்வாது மலையில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-லிருந்து அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. மங்கலான விண்மீன் கூட்டங்களைப் பார்க்க அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் வேண்டும், நிலவு இருந்தால் வானமே வெளுத்துவிடும். பிரகாசமான விண்மீன்களின் நிறமாலை எடுப்பது போன்ற வேலைகளே நிலவு இரவுகளுக்குப் பொருந்தும். அரை நிலா முழு நிலவின் பாதி வெளிச்சம் தரும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பத்தில் ஒரு பங்குகூடத் தராது. அரை நிலாவில் மேடுபள்ளங்களும் தூசித் துகள்களும் தம் நிழலைத் தாமே காட்டிக்கொண்டிருக்கும். பௌர்ணமியில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அந்த நிழல்கள் எல்லாம் துகள்களுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும்.

இப்படி ஒரு ஆய்வகம் மலைமேல் இருக்க, அடிவாரத்துப் பிள்ளைகள் பலர் அதை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதைப் பற்றிப் பேசும்போது கருவிகளின் விலையை மட்டும் பேசுகிறோம். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வகுப்பை ஆண்டுக்கு ஒரு முறை காவலூருக்குக் கூட்டிப்போகும் பேருந்துச் செலவையும், மலையைச் சுற்றியுள்ள தெருவிளக்குகளுக்கு மேல்மூடி போடும் செலவையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாசகர் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: வெளிச்சத்துக்காக மட்டும் என்றால் எந்த இரவு நடப்பது நல்லது? திதி முடியும் நேரத்துக்கு எந்த இரவு அருகில் இருக்கிறதோ அந்த இரவு. சனிக்கிழமை பிற்பகல் 2.30-க்குத் தொடங்கி ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குப் பௌர்ணமி முடிகிறது என்று வையுங்கள். சனி மாலை 7 மணிக்கு முழுமைக்கு இன்னும் 19 மணி நேரம் பாக்கி, சுமார் பத்து டிகிரி குறைவு. ஞாயிறு மாலை 7 மணிக்கு முழுமை தாண்டி 5 மணி நேரம்தான், இரண்டரை டிகிரி. காலண்டர் பிரதமை என்று சொல்லும் ஞாயிற்றுக்கிழமை முன்னிரவில்தான் நிலவு அதிக முழுமையோடு இருக்கும். கூட்டமும் குறைந்திருக்கும். திதியில் நடப்பதே வேண்டுதல் என்றால் சனி இரவே சரி. எந்த இரவானாலும், பாதையின் மேற்குப் பக்கத்தில் நடக்கும்போது மலை கிழக்கே நிற்கும். நிலவு உதித்து ஒரு மணி நேரத்துக்கு மேலான பிறகே அது மலைக்கு மேல் ஏறி வரும். ராஜகோபுரத்திலிருந்து மாலை ஆறரை, ஏழு மணிக்குப் புறப்பட்டுத் தெற்குப் பக்கத்தைச் சாவகாசமாகக் கடந்தால், மேற்கே திரும்பும்போது நிலவு மலையின் தோளுக்கு மேலே வந்திருக்கும்.